சுண்ணாம்புப் பாறை ஜல்லிக்கு ஆகுமா? குவாரி முகத்தைப் படிக்கும் முறை

என் அப்பா அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தார். வண்டியில் வந்து இறங்கும் கல்லைக் கூடையில் அள்ளுவதற்கு முன்னால், சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் ஒரு பக்கம், பொத்தென்றால் இன்னொரு பக்கம். ஒரே பள்ளத்தில் வெட்டிய கல், ஒரே வண்டியில் வந்த கல், எப்படி இரண்டு சத்தம் வருகிறது என்று கேட்டிருக்கிறேன். "எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைதான், வளர்ந்த விதம் வேற" என்பார்.

அந்தப் பதில் எனக்கு முழுசாகப் புரிந்தது கத்தாரில். சிவில் டிப்ளமோ முடித்து 2006ல் தோஹாவுக்குப் போனேன். அங்கேயும் அமீரகத்தின் ராஸ் அல் கைமாவிலும் சேர்த்து 13 வருஷம் மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் இருந்தேன். கருங்கல் ஜல்லியை மட்டுமே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் இப்போதும் வளைகுடாவுக்கு லேப் டெக்னீஷியனாகப் போகிறார்கள். போன முதல் மாதமே சுண்ணாம்புக்கல் ஜல்லியின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கையெழுத்துப் போட்ட ஒரு தவறான ரிப்போர்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தோஹாவுக்கு வடக்கே ஒரு வேலை. அஸ்திவாரப் பள்ளத்தில் வெட்டிய பாறையை அங்கேயே நடமாடும் கிரஷரில் உடைத்து, சாலையின் கீழடுக்குக்கும் அஸ்திவாரத்துக்கு அடியில் மட்டம் செய்யப் போடும் பிளைண்டிங் கான்கிரீட்டுக்கும் போடலாமா என்று கேட்டார்கள். குவியலில் இருந்து சாம்பிள் எடுத்தேன். லாஸ் ஏஞ்சலஸ் தேய்மானம் (உருளையில் இரும்பு உருண்டைகளோடு சுழற்றும்போது பொடியாகும் பங்கு) 26 சதவீதம், நீர் உறிஞ்சுதல் 2 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. பாஸ் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. கான்கிரீட் மிக்ஸ் தண்ணீரைக் குடிக்கிறது, ஸ்லம்ப் (ஈரக் கான்கிரீட்டின் இளக்கம்) நிற்கவில்லை, 7 நாள் கியூபின் வலிமை படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால் அதே கிரஷர்தான், ஃபாரத்தில் எழுதியிருந்த இடத்தின் பெயரும் அதேதான். பள்ளம் மட்டும் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தது. மேலே பழுப்பு நிறத்தில் கெட்டியாக இருந்த பாறை முடிந்து, கீழே சாக்பீஸ் மாதிரி வெளுத்த பாறை வந்துவிட்டது. நகத்தால் கீறினால் மாவு உதிர்ந்தது.

நம் ஊர்க் கருங்கல் குவாரியில் மேலே அழுகல் பாறை இருக்கும், இறங்க இறங்க வைரம் பாய்ந்த கல் வரும். மேல்கல்லே இப்படிப் பாஸானால் கீழே இன்னும் நன்றாகத்தான் இருக்கும் என்று நானும் அந்தப் பழக்கத்தில் நினைத்துவிட்டேன். கத்தாரில் பல இடங்களில் இது தலைகீழ். வெயில் நிலத்தடி ஈரத்தை மேலே இழுக்கிறது. ஈரம் வழியில் கரைத்துக்கொண்டு வந்த சுண்ணாம்பை மேல்பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகிறது. ஆயிரக்கணக்கான வருஷம் இது நடந்ததில் மேல்பாறையின் துளைகள் அடைபட்டு, ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. நம் பக்கத்துக் கரிசலில் கிடக்கும் சுக்கான்கல்லும் கிட்டத்தட்ட இதே வேலையால் உண்டானதுதான். ஓட்டை உடைத்து டெஸ்ட் செய்துவிட்டு உள்ளே இருப்பதற்கும் சேர்த்து நான் சான்று கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தை விடாமல் கடைப்பிடிக்கிறேன். குவியலுக்குப் போவதற்கு முன்னால் குவாரி முகத்துக்கு, அதாவது வெட்டி நிற்கும் பாறைச் சுவருக்கு, போக வேண்டும். சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்த பிறகு அதற்கு என்னவெல்லாம் நேர்ந்தது என்பது முகத்தில்தான் தெரியும். தண்ணீர் கரைத்திருக்கும், மக்னீசியம் புகுந்திருக்கும், ஜிப்சம் வந்திருக்கும், சிலிக்கா ஏறியிருக்கும், களிமண் விரிசலில் இறங்கியிருக்கும். இவற்றில் ஒவ்வொன்றும் ஜல்லியை ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும். சில நேரம் நல்லதும் செய்யும்.

கையில் என்ன வேண்டும்

ஒரு கிலோ சுத்தியல், பேனாக்கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள சொட்டுப் புட்டி, இரண்டு பாட்டில் தண்ணீர், ஸ்ப்ரே பெயின்ட், சாக்குகள், நோட்டு. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் போடுங்கள். அமிலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். வெடி வைத்த முகத்தின் அடியில் போய் நிற்கவே நிற்காதீர்கள். தொங்கும் கல்லைத் தட்டி இறக்கிவிட்டோம் என்று போர்மன் சொன்ன பிறகுதான் நெருங்க வேண்டும்.

காலையில் போங்கள். உச்சி வெயிலில் வெள்ளைப் பாறை எல்லாம் ஒரே மாதிரி கண்ணைக் கூசும். காலைச் சாய்வு வெளிச்சத்தில் நிற வித்தியாசம், அடுக்கின் கோடு, பொந்து எல்லாம் எழும்பித் தெரியும். முதலில் தள்ளி நின்று முழு முகத்தையும் நோட்டில் வரையுங்கள். போட்டோ எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். வரையும்போதுதான் எங்கே நிறம் மாறுகிறது என்று கண் தேடும்.

தண்ணீர் போன வழி

நான் முதலில் தேடுவது விரிசலையும் பொந்தையும்தான். சுண்ணாம்புக்கல்லுக்கு மழைத் தண்ணீர்தான் பெரிய எதிரி. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகிறது. அது விரிசல் வழியாக இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போகிறது. சுண்ணாம்பு போய்விடும், பாறையில் இருந்த களிமண்ணும் இரும்பும் கரையாமல் தங்கிவிடும். அதனால்தான் பொந்துகளில் சிவப்பு மண் அடைத்திருக்கிறது.

ராஸ் அல் கைமாவில் மலை கிட்டத்தட்டக் கடற்கரை வரை வந்து நிற்கும். ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலத்துச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். சக்ர் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி வளைகுடா முழுவதும் அனுப்புகிறார்கள். நான் பார்த்த சுண்ணாம்புக்கல்லிலேயே ஜல்லிக்கு நல்ல கல் அதுதான். அவ்வளவு நல்ல பாறையிலும் விரிசல் ஓரத்தில் சிவப்பு மண் இறங்கியிருக்கும். வெடியில் கல்லும் மண்ணும் கலந்து கீழே விழும். பாறையின் டெஸ்ட் அருமையாக வரும், ஜல்லியின் மேல் மட்டும் களிமண் பூச்சு நிற்கும். சிமெண்ட் கல்லைப் பிடிக்காமல் அந்தப் பூச்சைப் பிடிக்கும். தார் ஒட்டாது.

இதை முகத்திலேயே அளக்க ஒரு வழி உண்டு. மூன்று நான்கு இடங்களில் பத்து மீட்டர் நீளத்துக்கு டேப்பைப் படுக்கையாகப் பிடித்து, அதில் மண் அடைத்த பொந்தும் விரிசலும் மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் என்று கூட்டுங்கள். பத்து மீட்டரில் ஐம்பது சென்டிமீட்டர் வந்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு மண் கிரஷருக்குப் போகிறது என்று அர்த்தம். துல்லியமான அளவு இல்லைதான். ஆனால் குவாரி மேனேஜரோடு பேச உங்கள் கையில் ஒரு எண் இருக்கும்.

துளையிட்டு எடுத்த கோர் (உருளைக் கல்) இருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். கல் இருக்கும் இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கல் இல்லாத இடத்தைப் பாருங்கள். ஒரு முறை ஒன்றரை மீட்டர் துளையிட்டதில் தொண்ணூறு சென்டிமீட்டர்தான் கோர் வந்திருக்கிறது என்றால் மீதி அறுபது எங்கே? பொந்தாக இருக்கும், அல்லது தண்ணீரில் கரைந்து போன களிமண்ணாக இருக்கும். துளையிட்டவரின் பதிவில் எந்த ஆழத்தில் துளைக்குள் விட்ட தண்ணீர் திரும்பி வரவில்லை, எந்த ஆழத்தில் தண்ணீர் சிவந்தது என்று எழுதியிருப்பார். அந்த வரிகளை நான் ரிப்போர்ட்டை விட முக்கியமாக நினைக்கிறேன்.

பொந்து இல்லாத இடத்திலும் தண்ணீர் வேலை செய்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளையாக. உடைத்த புதுப் பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் நெருக்கமான கல். மூன்று நான்கு விநாடியில் உள்ளே போய்விட்டால் அந்தக் கல் மிக்ஸிலும் அப்படித்தான் குடிக்கும். கூடவே அப்பாவின் சுத்தியல் முறையையும் செய்யுங்கள். எனக்கு இதுவரை அது பெரிதாகத் தவறியதில்லை.

டோலமைட்டா, எப்படிப்பட்ட டோலமைட்?

கத்தாரின் மேல்பரப்பில் பெரும்பகுதி சிம்சிமா என்ற ஈயோசீன் காலத்துப் பாறை. பெயருக்குச் சுண்ணாம்புக்கல் என்றாலும் பல இடங்களில் டோலமைட்டாக மாறியது. மக்னீசியம் உள்ள நீர் பாறைக்குள் ஊறி, சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டில் இருந்த கால்சியத்தில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மக்னீசியத்தை வைக்கிறது. மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும்போது கன அளவு ஏறக்குறைய 12, 13 சதவீதம் சுருங்கும். சுருங்கிய இடம் துளையாக நிற்கலாம், பிற்பாடு வேறு கனிமம் வந்து அடைக்கவும் செய்யலாம். டோலமைட் ஜல்லி நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாதது இதனால்தான்.

முதலில் டோலமைட்தானா என்று பாருங்கள். அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். கால்சைட் என்றால் உடனே சுறுசுறுவென்று நுரைக்கும். டோலமைட் என்றால் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். கத்தியால் சுரண்டித் தூளாக்கி அதன்மேல் விட்டால் மெதுவாக நுரைக்கும். இந்த இரண்டாவது சொட்டை மறக்காதீர்கள். முதல் சொட்டில் நுரைக்கவில்லை என்று சுண்ணாம்புக்கல்லே இல்லை என எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் லென்ஸில் பாருங்கள். மணிகள் ஒன்றோடொன்று பல் கோத்த மாதிரி இறுக்கமாக இருந்தால் அது அருமையான ஜல்லி. டோலமைட் கால்சைட்டை விடக் கொஞ்சம் கடினம், அடர்த்தியும் அதிகம். கால்சைட் 2.71, டோலமைட் 2.85 அளவில் வரும். மணிகள் தனித்தனியாக நாட்டுச்சர்க்கரை போல மினுங்கி, விரலால் தேய்த்தால் உதிர்ந்தால் வேண்டாம். அந்தக் கல் பார்வைக்குத் திடமாகத் தெரியும். லாரியில் இருந்து கொட்டும்போதே தூசியாகத் தொடங்கிவிடும். லேபில் ஒப்பு அடர்த்தியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. டோலமைட் கனிமம் கனமானது என்பதால், துளை நிறைந்த டோலமைட்டும் நெருக்கமான கால்சைட்டும் ஒரே எண்ணைக் காட்டிவிடும். அடர்த்தியையும் நீர் உறிஞ்சுதலையும் எப்போதும் ஜோடியாகவே படியுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, அரிதுதான், ஆனால் கெடுத்தால் கட்டிடத்தையே கெடுக்கும். களிமண் கலந்த நுண்ணிய சுண்ணாம்புப் பொடிக்குள் டோலமைட் படிகங்கள் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கிற மாதிரியான பாறை. கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தின் கிங்ஸ்டன் பகுதியில் இப்படிப்பட்ட ஜல்லி போட்ட கான்கிரீட் உப்பி வெடித்ததை ஸ்வென்சன் என்பவர் 1957ல் எழுதினார். ஜல்லியின் வழக்கமான டெஸ்ட் எல்லாவற்றிலும் அந்தக் கல் தேறிவிடும், சிமெண்டின் காரத்தோடு சேரும்போதுதான் வினை வரும். டோலமைட் ஓரளவும் களிமண் ஓரளவும் சேர்ந்த, கருஞ்சாம்பல் நிற நுண்மணிப் பாறையைக் கண்டால் மெல்லிய வெட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பாறை உருளையைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு நீள மாற்றத்தை அளக்கும் ஏ.எஸ்.டி.எம் (அமெரிக்கத் தர முறை) சி 586 டெஸ்ட். 28 நாளில் 0.10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அடுக்கைக் கான்கிரீட் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஜிப்சமும் உப்பும்

பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துச் செம்மேடுகளில் நடந்திருக்கிறீர்களா? களிமண்ணுக்குள் ஜிப்சம் தகடு தகடாகக் கண்ணாடி மாதிரி மின்னும். சின்ன வயதில் பொறுக்கி விளையாடியிருக்கிறேன். அந்தப் பழக்கம் கத்தாரில் உதவியது. சிம்சிமாவுக்குக் கீழே மித்ரா ஷேல் என்ற களிமண் பாறை, அதற்கும் கீழே ரஸ் என்ற பாறை வரிசை. ரஸ்ஸில் பல இடங்களில் ஜிப்சம் இருக்கிறது. மிஸ்ஃபிர் குகைக்குப் போனால் ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்தில் ஜிப்சம் மினுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஜிப்சம் கரைந்துபோன இடத்தில் மேல்பாறை இடிந்து இறங்கி, நொறுங்கிக் கலங்கிக் கிடக்கும். ஆழமாக வெட்டும் வேலையில் இதெல்லாம் கிரஷருக்கு வந்துவிடும்.

அடையாளம் சுலபம். நகத்தால் கீறினால் கீறு விழும், அமிலத்துக்கு நுரைக்காது. நரம்பு மாதிரி வெள்ளைக்கோடு தெரிந்தால் எல்லாமே கால்சைட் என்று நினைக்காமல் ஒவ்வொன்றையும் கீறிப் பாருங்கள். ஜிப்சம் கான்கிரீட்டுக்குள் போனால் அதன் சல்பேட் சிமெண்டோடு வினைபுரிந்து உள்ளிருந்தே உப்ப வைக்கும். ஜல்லியைக் கழுவினால் போய்விடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சாப்பாட்டு உப்பு கழுவினால் போகும். ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம் அளவுதான் கரையும், எவ்வளவு கழுவினாலும் பெரும்பகுதி அங்கேயே நிற்கும்.

லேபில் ஒரு எச்சரிக்கை. ஜிப்சம் இருக்கும் சாம்பிளை வழக்கம்போல 105, 110 டிகிரியில் அவனில் காய வைத்தால் ஜிப்சத்துக்குள் கட்டுண்ட நீரும் வெளியேறிவிடும். ஈரப்பதம், நீர் உறிஞ்சுதல் எல்லாம் தப்பாக வரும். 60 டிகிரிக்குக் கீழே வைத்து, எடை நிலைக்கும்வரை பொறுமையாகக் காய வையுங்கள்.

உப்பில் இருக்கும் குளோரைடு கண்ணில் படாது. கடற்கரைக்குப் பக்கமும் சப்கா என்று சொல்கிற உப்புச் சமவெளிக்குப் பக்கமும் இருக்கும் குவாரிகளில் மேல் மீட்டரில்தான் அது அதிகம். முன்னால் சொன்ன அதே ஈரம் சுண்ணாம்போடு உப்பையும் மேலே கொண்டுவந்திருக்கிறது. பார்த்தீர்களா, கெட்டியான ஓடுதான் உப்பும் நிறைந்த ஓடு. வலிமை டெஸ்டில் முதலில் நிற்கும் கல் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதிலும் முதலில் நிற்கும். கம்பி கட்டும் கான்கிரீட் என்றால் மேல் அடுக்குக்குத் தனியாகக் குளோரைடு டெஸ்ட் செய்யாமல் விடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்

சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்திருப்பீர்கள், 18 மீட்டர் நீள மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. மரம் இருந்த இடத்தை சிலிக்கா பிடித்துக்கொண்டது. அதே சிலிக்கா சுண்ணாம்புக்கல்லுக்குள் போனால் முண்டு முண்டாகச் செர்ட் என்ற கடினமான கல் உண்டாகும். கத்தி அதைக் கீறாது, அதுதான் கத்தியைக் கீறும். அமிலம் நுரைக்காது. சில செர்ட் சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து ஜெல்லாகி உப்பும். கான்கிரீட்டுக்கு என்றால் ஏ.எஸ்.டி.எம் சி 1260 மோர்ட்டார் பார் டெஸ்ட் போடுங்கள். 14 நாளில் நீளம் கூடுவது 0.10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பொதுவாகப் பயமில்லை, 0.20க்கு மேல் என்றால் ஒதுக்குங்கள், நடுவில் வந்தால் நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். கிங்ஸ்டன் வகைப் பாறையை இந்த டெஸ்ட் சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சாலையில் மட்டும் செர்ட் ஓரளவு நல்லது. சுத்தமான சுண்ணாம்புக்கல் டயர் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிடும், அதனால் மேலடுக்குக்கு ஆகாது. கீழடுக்குகளில் தார் அதனோடு நன்றாக ஒட்டும்.

ரம்பப்பல் மாதிரி வளைந்து போகும் கருங்கோடுகள் தெரிந்தால், அழுத்தத்தில் சுண்ணாம்பு கரைந்து களிமண் மட்டும் தங்கிய இடம் அது. ஜல்லி அந்தக் கோட்டில்தான் தகடாக உடையும். சூடும் அழுத்தமும் பட்டுப் பளிங்காக மாறிய கல், மதுக்கரை பக்கம் இருக்கிற மாதிரி, பெரிய பெரிய கால்சைட் மணியாக இருக்கும். கால்சைட் மணி தட்டினால் வழவழப்பான தளத்தில் பிளக்கும். ஆகவே மணி எவ்வளவு பெரிதோ அவ்வளவு தேய்மானம் அதிகம். சிமெண்டுக்கு அது தங்கம், ஜல்லிக்குச் சுமார்.

இளம்பச்சைக் களிமண் திட்டுகள் சிம்சிமாவில் அடிக்கடி வரும், பாலிகோர்ஸ்கைட் என்ற நார்க் களிமண். காய்ந்த துண்டின் மேல் வாயால் ஊதினால் மழை பெய்த மண் வாசனை வரும். சந்தேகமான துண்டுகளை ஒரு பக்கெட் தண்ணீரில் இரவு முழுவதும் போட்டு வையுங்கள். காலையில் தண்ணீர் கலங்கியிருந்தாலோ துண்டு பிளந்திருந்தாலோ சந்தேகம் தீர்ந்தது.

சாம்பிள் எடுப்பது

இப்போது உங்கள் நோட்டில் முகம் மூன்று நான்கு பட்டைகளாகப் பிரிந்திருக்கும். உதாரணத்துக்கு: மேல் ஓடு, பழுப்பு டோலமைட், வெளுத்த மாவுக்கல், பொந்தும் மண்ணும். பெயின்டில் எல்லை போட்டு ஒன்று, இரண்டு என்று எண் எழுதுங்கள். ஒவ்வொரு பட்டையில் இருந்தும் பல இடங்களில் சின்னச் சின்னதாக எடுத்து, 60 கிலோ அளவுக்குத் தனிச் சாக்கில் போடுங்கள். கலக்காதீர்கள். கலந்தால் நல்ல கல் கெட்ட கல்லை மறைத்துவிடும். சாக்குக்கு உள்ளேயும் ஒரு சீட்டு, வெளியேயும் ஒரு சீட்டு. அழகான துண்டுகளைத்தான் கை தேடும், அது மனித இயல்பு. கையை அடக்குங்கள்.

எந்தப் பட்டை எத்தனை பங்கு என்பதையும் எழுதுங்கள். முகத்தில் கெட்ட பட்டை பத்தில் ஒரு பங்கு என்றால் அதைத் தனியாக வெட்டி ஒதுக்கலாம். நான்கு பங்கு என்றால் குவாரியையே மறுபடி யோசிக்க வேண்டும். பெஞ்ச் (குவாரியில் வெட்டும் படி) நகர்ந்தால், ஆழம் இறங்கினால் இதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். "மாதம் ஒரு சாம்பிள்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். பாறை மாதக்கணக்கில் மாறுவதில்லை, மீட்டர் கணக்கில் மாறுகிறது.

லேபில் நான் செய்வது

நீர் உறிஞ்சுதல்தான் எனக்கு முதல் எண். மலிவான டெஸ்ட், மாற்றத்தை முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான். நெருக்கமான சுண்ணாம்புக்கல் 1 சதவீதத்துக்குள் வரும். நம் நாட்டு நெடுஞ்சாலை விவரக்குறிப்பில் 2 சதவீதத்தைத் தாண்டினால் சவுண்ட்னஸ் டெஸ்ட்டும் (உப்புக் கரைசலில் ஊற வைத்துக் காய வைப்பது) பார்க்கச் சொல்கிறார்கள், நியாயமான எல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் டெஸ்டில் எல்லோரும் 500 சுற்று முடிந்த எண்ணை மட்டும் எழுதுவார்கள். 5000 கிராம் ஜல்லி, 11 உருண்டை, 500 சுற்று, 1.70 மில்லிமீட்டர் சல்லடை. நீங்கள் 100 சுற்றில் ஒருமுறை நிறுத்துங்கள். கழுவாமல் சலித்து இழப்பை எழுதிக்கொண்டு, தூசி உட்பட ஒரு கிராம்கூடச் சிந்தாமல் திரும்ப உருளையில் போட்டு மீதி 400 சுற்றை ஓட்டுங்கள். கல் முழுவதும் ஒரே கடினம் என்றால் 100 சுற்றின் இழப்பு, 500 சுற்றின் இழப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் வரும். 0.20ஐ விட நன்றாகத் தாண்டினால், கடினமான கல்லுக்கு நடுவே மிருதுவான கல் ஒளிந்திருக்கிறது, அது முதல் நூறு சுற்றிலேயே செத்துவிட்டது என்று பொருள். நான் பாஸ் போட்ட அந்த 26ஐ இப்படிப் பிரித்துப் பார்த்திருந்தால், ஓட்டோடு மாவுக்கல் கொஞ்சமாவது கலந்திருந்ததா என்பது அன்றே தெரிந்திருக்கும் என்று இன்றும் தோன்றுகிறது.

அடுத்தது, நசுக்கும் டெஸ்டோ மோதல் டெஸ்டோ எதுவானாலும் காய்ந்த நிலையில் ஒன்று, 24 மணி நேரம் ஊறிய பின் ஒன்று. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதி. ஊறியபின் தடாலென்று மோசமானால் களிமண்ணோ மாவுத்துளையோ உள்ளே இருக்கிறது. சுக்கான்கல், செம்புராங்கல் போல நனைந்தால் இளகும் கற்களுக்கு நம் ஊரிலேயே ஐ.எஸ் (இந்தியத் தரம்) 5640 என்று தனி ஈர மோதல் டெஸ்ட் இருக்கிறது. மாற்றம் கண்ட எந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கும் அதைப் போடலாம்.

மக்னீசியம் சல்பேட் சவுண்ட்னஸ் டெஸ்ட் பனி விழும் நாட்டுக்குத்தான் என்று சிலர் ஒதுக்குவார்கள். கரைசலில் ஊற வைத்துக் காய வைக்கும்போது துளைக்குள் உப்பு படிகமாகிக் கல்லைப் பிளக்கிறது. வளைகுடாக் கடற்கரையில் சாலைக்கு அடியில் நிஜமாக நடப்பதும் அதுவேதான். 5 சுற்று, பருமனான ஜல்லிக்கு எடை இழப்பில் 18 சதவீதம் எல்லை. மாவுத்துளைக் கல் இதில் தப்பவே தப்பாது.

கிரஷரில் கவனிக்க வேண்டியது

கிரஷர் ஒரு வகையில் வடிகட்டி. மிருதுவான கல் உடைந்து தூசிக்குப் போய்விடும், கெட்டியானது ஜல்லியாக நிற்கும். ஆகவே முக்கால் அங்குல ஜல்லி பாறையை விட நல்ல எண் காட்டும். பாறையின் குறை எல்லாம் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கும். ஜல்லி பாஸ் ஆனது என்பதற்காக அதே கிரஷரின் மணலையும் பாஸ் போடாதீர்கள். மணலுக்கும் தூசிக்கும் களிமண்ணைக் காட்டும் மெத்திலீன் புளூ டெஸ்ட் தனியாக வேண்டும். நல்ல சுண்ணாம்புத் தூள் கான்கிரீட்டுக்குக் கெடுதல் இல்லை, களிமண் தூள் தண்ணீரை இழுக்கும். இரண்டும் சல்லடையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதல் கிரஷருக்கு முன்னால் கம்பிச் சல்லடை வைத்து, வெடியில் வந்த பொடியையும் மண்ணையும் முழுசாக வெளியே தள்ளச் சொல்லுங்கள். வெளியே போவதில் நல்ல கல்லும் கொஞ்சம் போகும், மேனேஜர் முகம் சுளிப்பார். முகத்தில் டேப் வைத்து எடுத்த அந்த ஐந்து சதவீதத்தை அப்போது காட்டுங்கள். மழைக்கு மறுநாள் மட்டும் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஈரக் களிமண் கம்பிச் சல்லடையில் விழாமல் கல்லோடு ஒட்டிக்கொண்டே போகும்.

ஒதுக்கிய பட்டை எல்லாம் வீண் இல்லை. மண் கலந்தது நிரப்பு வேலைக்கு, மாவுக்கல் தண்ணீர் எட்டாத உயரமான இடத்துக் கீழடுக்குக்கு, ஜிப்சம் மட்டும் எதற்கும் வேண்டாம். 2017 ஜூனில் எல்லை மூடப்பட்டு அமீரகத்துக் கல் கத்தாருக்கு வருவது நின்றபோது, ஓமனில் இருந்து கேப்ரோ என்ற கருநிறக் கல் வந்து சேரும்வரை உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லை எங்கெங்கே போடலாம் என்று எல்லா சைட்டிலும் கேட்டார்கள். பட்டை பட்டையாகப் பிரித்து வைத்திருந்த குவாரிகளுக்கு அன்றே பதில் சொல்ல முடிந்தது. குவியலில் ஒரே சாம்பிள் எடுத்த இடங்களுக்கு, பழைய ரிப்போர்ட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முகத்துக்குப் போய்ச் சுத்தியலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ரிப்போர்ட் எழுதும்போது இடத்தின் பெயரோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பெஞ்ச், எந்தப் பட்டை, மேலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் தேதியில் முகம் எங்கே இருந்தது என்று எழுதுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் கை அளவு ஒரு துண்டை எண் எழுதி மரப்பெட்டியில் வையுங்கள். அடுத்த முறை புது லோடு வந்து இறங்கும்போது அந்தத் துண்டை ஒரு கையிலும் புதுக் கல்லை மறு கையிலும் வைத்து, இரண்டையும் தட்டிப் பாருங்கள்.